வெறும் வயிற்றோடு ஒரு நாள்



நம் ஜி.எஸ்.டி. சாலை டீக்கடையில் காலை ஆறு மணிக்குப் போய் நில்லுங்கள். "மாஸ்டர், ஒரு வித்தவுட்!" என்று நாலு பேராவது கேட்பார்கள். ஐயோ பாவம் என்று பார்க்கிறோம். எனக்கு அவர்கள்மேல் கவலையே இல்லை. அவர்களுக்குத் தங்கள் சர்க்கரை நோய் தெரியும், மாத்திரை போடுகிறார்கள். பக்கத்தில் ஒருவர் "ஸ்ட்ராங்கா, சக்கரை தூக்கலா" என்று வாங்கி, கிளாஸின் அடியில் கரையாமல் கிடப்பதையும் சுழற்றிக் குடிக்கிறாரே, ஒரு தடவைகூட ரத்தம் சோதிக்காதவர், அவரை நினைத்தால்தான் பகீர் என்கிறது.

"இதெல்லாம் மெட்ராஸ்காரன் வியாதி சார்" என்பார்கள். அப்படியா? 2006-இல் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் 20 வயது தாண்டியவர்களைச் சோதித்தார்கள். சென்னையில் நூற்றுக்கு 18.6 பேருக்குச் சர்க்கரை. நகரை ஒட்டிய கிராமங்களில் 9.2. இன்னோர் இடத்திலும் பார்த்தார்கள்: காஞ்சிபுரம், அன்றைக்கு நம் மாவட்டத் தலைநகர். அங்கே 16.4! மாநகரத்தை எட்டிப் பிடிக்க இரண்டு புள்ளிதான் பாக்கி. மகிந்திரா சிட்டியே அப்போதுதான் தலைதூக்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு நம் ஊர் கிராமம் பக்கம் நகர்ந்ததா, சென்னை பக்கம் நகர்ந்ததா, நீங்களே சொல்லுங்கள்.

பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2008 முதல் 2020 வரை நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களைச் சோதித்தது. 2023-இல் முடிவு வந்தது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை. பெரியவர்களில் நூற்றுக்கு 11.4. தமிழ்நாட்டில் 14.4. இதைவிட என்னை உலுக்கியது வேறு கணக்கு: "பார்டர்ல இருக்கு" என்கிறார்களே, அவர்கள் 13.6 கோடி!

இவ்வளவு பேருக்கு ஏன் வருகிறது? நம் ஊர்ப் பாடலாத்ரி நரசிம்மர் சந்நிதியில் வாங்கும் கையளவு பொங்கலை நான் குறை சொல்லமாட்டேன். அப்புறம் சாமி குத்தம் ஆகிவிடும்! மூன்று வேளையும் சோறோ இட்லியோ மலைபோல் குவித்துவிட்டு, கம்பெனி பஸ்ஸில் ஏறி, திரும்பி வந்து செல்போனோடு சாய்கிறோமே, அதைச் சொல்கிறேன். கை கால் ஒல்லி, தொந்தி மட்டும் முன்னால் வருகிறது. ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. வயிற்றுச் சுற்றளவு அதைத் தாண்டினால் உஷார்.

பார்டரில் நிற்பவர்கள் பயப்பட வேண்டாம். அதே ராமச்சந்திரன் அத்தகையவர்களைச் சாப்பாட்டை மாற்றச் சொல்லி, நடக்கவைத்து, மூன்று வருஷம் கவனித்தார். நோயாக முற்றுவது 28.5 சதவீதம் குறைந்தது. பௌர்ணமிக்கு நரசிம்மர் கோவில் மலையைச் சுற்றும் கால்கள் மற்ற நாட்களிலும் சுற்றட்டுமே!

முப்பது தாண்டிய ஒவ்வொருவரும் இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ரத்தம் சோதித்துக்கொள்ளுங்கள். காசு கிடையாது. வெறும் வயிற்றில் சர்க்கரை 100 தாண்டினால் பார்டர், 126 தொட்டால் டாக்டரை விடாதீர்கள். வீட்டுக்காரம்மாவையும் கையோடு கூட்டிப் போங்கள். நம் வீடுகளில் எல்லோருக்கும் பார்த்துவிட்டுக் கடைசியில்தான் அவர்கள் தங்களுக்கென்று விரலை நீட்டுகிறார்கள்.