கேட்கும்படி சொல்வோம்



நியூயோர்க்கில் ஹட்சன் ஆற்றுக்கு மேலே, 1,300 அடிக்குக் கீழே, சிறிய விமானங்கள் செல்ல ஒடுங்கிய வான்வழி ஒன்று உண்டு. அதற்கு மேலே பெரிய விமான நிலையங்களின் கட்டுப்பாட்டு வான்பரப்பு. இந்த ஒடுங்கிய வழியில் விமானிகளே பொது அலைவரிசையில் தாம் இருக்கும் இடம், உயரம், திசை ஆகியவற்றை அறிவித்துப் பறக்கிறார்கள். வடக்கே செல்பவர் கிழக்குக் கரையோரம். தெற்கே செல்பவர் மேற்குக் கரையோரம்.

2009 ஓகஸ்ட் 8 அன்று அங்கே சிறு விமானமொன்றும் ஹெலிகொப்டரும் மோதி 9 பேர் இறந்தனர். தனக்குத் தரப்பட்ட அலைவரிசை எண்ணை விமானி பிழையாகத் திருப்பிச் சொன்னதும், அதைக் கட்டுப்பாட்டாளர் திருத்தாததும் விசாரணையில் தெரியவந்தன. அதுவரை ஆலோசனையாக இருந்த இட அறிவிப்பு அவ்வாண்டே கட்டாய விதியானது.

வைத்தியர்களாகிய நாங்களும் அறிந்த பாடம் இது. தொலைபேசியில் சொன்ன மருந்தின் அளவைத் தாதி திருப்பிச் சொல்லவேண்டும். சொன்னவர் அதைக் காதுகொடுத்துக் கேட்கவேண்டும். இளையவர் சொல்லத் தயங்கினாலும், மூத்தவர் கேட்கச் சலித்தாலும் ஆபத்து நோயாளிக்கே.

கடைசி வாங்குக்கும் கேட்கும்படி சொல்ல நமக்குப் பழக்கியது இக்கல்லூரி. அந்தப் பழக்கத்தை நமக்குப் பின்வரும் பிள்ளைகளுக்கும் கொடுப்போம்.