காணியைக் காப்பதே கிணற்றைக் காப்பது

(வலிகாமத்துக் கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



யாழ்ப்பாண மாவட்டம் வளர்கின்றதா என்று கேட்டால், வீதியோரத்தைப் பார்ப்பவர் எவரும் ஆம் என்றே விடை கூறுவர். 2009 ஆம் ஆண்டில் ஏ-9 வீதி மீண்டும் திறந்தது. 2014 ஒக்டோபரில் புகைவண்டி யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. 2019 ஒக்டோபரில் பலாலியில் பன்னாட்டு விமான நிலையம் திறக்கப்பட்டது. இவற்றைத் தொடர்ந்து கடைகளும் மண்டபங்களும் மாடி வீடுகளும் எழுந்தன. கூரை இழந்திருந்த மக்கள் கூரை வேய்வதைக் குறைகூற எவருக்கும் வாய் வராது.

ஆயினும் ஒரு கணக்கை நாம் பார்த்தல் வேண்டும். 1981 ஆம் ஆண்டில், இன்றைய மாவட்ட எல்லைக்குள் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்தனர். 2012 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அத்தொகை ஆறு இலட்சத்துக்கும் கீழே இருந்தது. சனம் குறைந்த மாவட்டத்திலே வயல்கள் கிரவலால் நிரப்பப்படுகின்றன. தோட்டங்கள் துண்டு துண்டாக அளந்து விற்கப்படுகின்றன. இடநெருக்கடி இதற்குக் காரணம் என்று எவரும் சொல்ல முடியாது. எங்கே கட்டலாம், எங்கே கட்டலாகாது என்ற நியதி ஊர்தோறும் இல்லாமையே காரணம்.

இஃது ஏதோ அழகுக்காகப் பேசும் பேச்சன்று. நம் கிணற்றைப் பற்றிய பேச்சு. குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையே நமக்குப் பெருவரவு. அம்மழை மண்ணுள் இறங்கிச் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலே தங்கி, அடியிலுள்ள கடல்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்கும் என்பது நிலநீர் நூலார் கண்ட விதி. அவ்விதியைத் திருப்பிப் படித்தால் அச்சம் பிறக்கும். மேலே ஓரடி குறைந்தால், கீழேயுள்ள உவர்நீர் 40 அடி ஏற முயலும். தோட்டத்துக் கிணறு உவர்த்த பின்னர் எந்தச் சட்டத்தைக் காட்டி அதனை நன்னீராக்குவது?

ஆகவே, வரம்பு கட்டிய வயல் நெல் விளையும் இடம் மாத்திரமன்று; மழையை நிறுத்தி நிலத்துக்கு ஊட்டும் பாத்திரமுமாகும். ஓர் ஏக்கரில், அதாவது 16 பரப்பில், ஓரங்குல மழை பெய்தால் அங்கு விழும் நீர் ஒரு இலட்சம் லீற்றருக்கு மேல். வயலாயின் அந்நீரிற் பெரும்பங்கு நின்று ஊறும். கிரவல் நிரப்பிச் சீமெந்து பூசிய முற்றமாயின் அவ்வளவும் வீதிக்கு ஓடி, அயலான் வளவில் வெள்ளமாகிப் பின் கடலிற் சேரும். 2008 நவம்பரில் நிஷா புயலோடு வந்த மழையிலே குடாநாடு பட்ட பாட்டை இங்குள்ளோர் மறந்திரார். ஒரே மழை மார்கழியில் வெள்ளமாகவும் ஆடியில் வரட்சியாகவும் நம்மை இருமுறை வருத்துகின்றது.

2024 ஆகஸ்டில் தாளையடியிலே கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீர் தருவது அதன் திறன். அது வேண்டியதே, அதனை நாம் பழிக்கவில்லை. ஆனால் ஏறத்தாழ 235 ஏக்கர் நிலத்தில் ஓரங்குல மழை பெய்தால் விழுகின்ற நீரும் அதே அளவுதான். விழுவதெல்லாம் கிணற்றைச் சேராது என்பது உண்மை. எனினும், மின்சாரமும் பணமும் செலவிட்டுக் கடலிலிருந்து நீரைப் பிரிக்கும் நாட்டிலே, வானம் இலவசமாகத் தரும் நீரை ஏற்கும் நிலத்தை மூடுவது எவ்வகைச் சிக்கனம்?

நீரின் அளவு ஒருபுறமிருக்க, அதன் தூய்மையையும் எண்ண வேண்டும். முன்னைய வளவுகள் விசாலமானவை. ஒரு மூலையிலே கிணறு, எதிர் மூலையிலே மலசலகூடம். இன்றோ ஒரு பரப்பு, ஒன்றரைப் பரப்பு என்று காணி பிரிகின்றது. ஒரு பரப்பு என்பது சுமார் 2,700 சதுர அடி. அது சதுரமாய் இருப்பின் ஒரு பக்கம் 52 அடி. கிணற்றுக்கும் மலக்குழிக்குமிடையே 50 அடியாவது இருத்தல் வேண்டும் என்று சுகாதார உத்தியோகத்தர் கூறுவர். தன் குழிக்கு விலகினால் அயலவன் குழி அருகில் வரும். அயலவனுக்கு விலகினால் தன் குழி அருகில் வரும். பத்துத் துண்டுகள் அடுத்தடுத்து நின்றால் பத்துக் கிணறுகளுக்கும் பத்துக் குழிகளுக்கும் அந்நிலத்தில் இடமே கிடையாது. காணியைத் துண்டாடிய அன்றே அந்தக் குடும்பங்களின் குடிநீர் கெட்டுவிட்டது.

பழியைக் கட்டுவோர்மீது மாத்திரம் சுமத்துதல் நீதியன்று. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் விதித்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் அளவை மிஞ்சியிருப்பதை ஆய்வுகள் பலமுறை காட்டியுள்ளன. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் அளவின்றி இடும் பசளைக்கும் அதிற் பங்குண்டு. சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கிலே, 2019 ஏப்பிரலில் நட்டஈடு செலுத்துமாறு உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. ஆயினும் சுண்ணாம்புக் கல்லிலே ஓரிடத்திற் புகுந்த நஞ்சு எங்கே போய் வெளிப்படும் என்பதற்கு நட்டஈடு எல்லை வகுக்காது.

நம்மிடம் சட்டம் இல்லையா? உண்டு. பிலிப் குணவர்த்தன அவர்கள் கொண்டுவந்த நெற்காணிச் சட்டம் 1958 இல் நிறைவேறியது. அதன் வழிவந்த 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி, நெற்காணியை நிரப்புவதாயின் ஆணையாளர் நாயகத்தின் எழுத்து மூல அனுமதி வேண்டும். கட்டட அனுமதியோ பிரதேச சபையின் கையில். ஒருவர் மண்ணைப் பார்க்கிறார். மற்றவர் கட்டடப் படத்தைப் பார்க்கிறார். இருவரும் ஒரே வரைபடத்தை விரித்து வைத்துப் பார்ப்பதில்லை. அந்த இடைவெளியினூடே இரவில் லொறி வருகின்றது. விடியும்போது வயல் மேடாகி நிற்கின்றது. செம்மண் தோட்டத்தின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. நிரப்புதற்கான தடை நெற்காணியைக் குறித்ததேயன்றித் தோட்டத்தைக் குறித்ததன்று. நம் முன்னோர் குழையும் எருவும் சுமந்து தலைமுறை தலைமுறையாய்ப் பண்படுத்திய அம்மண், அத்திவாரம் வெட்டியபின் மீளாது.

காணி உரிமைக்காக இந்த இனம் நெடுங்காலம் வாதாடி வந்துள்ளது. 1957 ஆம் ஆண்டு பண்டாரநாயக்கா - செல்வநாயகம் ஒப்பந்தத்திலும், 1965 ஆம் ஆண்டு டட்லி - செல்வநாயகம் ஒப்பந்தத்திலும் காணியே முக்கிய பொருளாய் இருந்தது. 1987 இன் பதின்மூன்றாவது திருத்தம் காணியை மாகாணத்துக்குரியதென எழுதிவிட்டு, நிபந்தனைகளால் அதனைக் கட்டியும் வைத்தது. 1990 முதல் வலிகாமம் வடக்கில் இராணுவத்தின் கைக்குப் போன காணிகள் படிப்படியாகவே விடுபட்டன, அனைத்தும் விடுபடவில்லை. 2025 மார்ச்சில், வடக்கிலே 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்துக்கு உரிமை நாட்டுமாறு கோரி வர்த்தமானி வெளிவந்தது. உறுதி தொலைந்தோரும் கடல் கடந்து வாழ்வோரும் கலங்கினர். கடும் எதிர்ப்பின் பின்னரே அது மீளப்பெறப்பட்டது. இவ்வுரிமைகளில் ஒன்றையும் நாம் விட்டுக்கொடுக்க இயலாது.

ஆனால், உரிமை கோருபவன் அந்த நிலத்தை ஆளத் தகுந்தவன் என்பதையும் காட்டல் வேண்டும். கொழும்பு அபகரித்த ஏக்கரைக் கணக்கெடுக்கும் நாம், நம் கையாலே கிரவலுக்குள் புதைக்கும் ஏக்கரையும் கணக்கெடுத்தல் தகும். நாளை முழு அதிகாரமும் கைக்கு வந்தாலும், உவர்த்த கிணறும் மூடிய குளமுமே அன்று எஞ்சியிருந்தால் அந்த அதிகாரத்தால் விளைவது யாது?

இவ்விடத்திலே கமக்காரர் எழுந்து ஒரு கேள்வி கேட்கலாம்: "எங்கள் காணி எங்களுக்கு வங்கி. மகளின் திருமணத்துக்கும் மகனின் படிப்புக்கும் அதைத்தானே விற்கிறோம்? வெங்காயத்துக்கு விலையில்லாத ஆண்டிலே, ஊரின் நீரைக் காக்கும் பாரத்தை எங்கள் தலையில் மட்டும் ஏற்றுவது நியாயமா?" நியாயமான கேள்வி. கமம் பிழைப்புத் தராவிடின் எந்த வரைபடமும் வயலைக் காக்காது. ஊருக்கெல்லாம் நீர் தரும் நிலத்தைக் காப்பவனுக்கு ஊர் ஏதேனும் திருப்பிக் கொடுத்தல் வேண்டும். சபை அறவிடும் வரியிலே சலுகை, விளைபொருளைப் பழுதாகாது வைக்கும் களஞ்சியம், வாய்க்கால் திருத்தத்தில் முதலிடம் ஆகியவை கமக்காரனுக்குச் சேர வேண்டிய கடன்.

இனி, செய்யத்தக்கவை எவை? நாலு காரியங்களைச் சபை முன் வைக்கிறோம்.

முதலாவது, பிரதேச சபை தோறும் ஒரு காணிப்படம். வயல், செம்மண் தோட்டம், குளம், கேணி, தரவை, வெள்ளவாய்க்கால் ஆகிய யாவும் அதிலே குறிக்கப்படல் வேண்டும். அளவெல்லை தெரியாத குளமே முதலில் அபகரிக்கப்படும் குளம். நம்மிடையே நில அளவையாளரும் பொறியியலாளரும் பூகோளம் கற்ற ஆசிரியரும் உளர். கமக்காரர் அமைப்புகளோடு அவர்கள் மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகளைச் செலவிட்டால், சம்பளமின்றியே படம் எழும்.

இரண்டாவது, வளர்ச்சிக்கு இடம் காட்டுதல். கட்டாதே என்று மாத்திரம் சொல்லும் ஊர் தோற்கும். பயிர் ஏறாத கற்றரைகளும், சந்திகளை அண்டிய பாழ்வளவுகளும், வீடிழந்து பற்றை மூடிக் கிடக்கும் குடிநிலங்களும் நம்மிடம் உண்டு. வீதியும் குழாய்நீரும் கழிவுநீர் ஒழுங்கும் முதலில் அங்கே செல்லட்டும். கட்டுவோரும் அங்கே செல்வர்.

மூன்றாவது, வழுக்கையாற்றைக் காத்தல். குடாநாட்டிலே மழைக்காலத்தில் ஆறென ஓடுவது இஃதொன்றே. தெல்லிப்பழைப் பக்கத்திலிருந்து கந்தரோடை, சண்டிலிப்பாய் வழியாக அராலிக்குச் செல்லும் அதன் கரைகளையும், அதனோடு தொடுத்த குளங்களையும், மதகுகளையும் அளந்து எல்லைக்கல் நாட்டல் வேண்டும். ஒரு பிரதேச சபையின் வேலையாக அது முடியாது. அது கடந்து செல்லும் சபைகள் யாவும் ஒன்றுகூடிச் செய்ய வேண்டியது.

நாலாவது, வெளிநாட்டில் வாழ்வோரின் தரிசு நிலங்களைப் பயிருக்குக் கொணர்தல். குத்தகைக்குக் கொடுத்தாற் காணி திரும்பாது என்ற அச்சத்தினாற் பலர் சும்மா விட்டுள்ளனர். பின்னர் தரகர் சொல்லும் விலைக்கு விற்றுவிடுகின்றனர். இரு தரப்பாரின் அச்சமும் தீரும்படி, சட்டத்துக்கிசைந்த குத்தகைப் பத்திரங்களை எழுதிக் கொடுப்பதற்குச் சட்டத்தரணிகளும் நொத்தாரிசுமாரும் முன்வருதல் வேண்டும்.

இவை புதுமையான எண்ணங்களுமல்ல. ஒல்லாந்தர் காலத்தில், 1707 இல் எழுத்தில் வந்த தேசவழமை, காணி விற்பவன் பங்காளிக்கும் உரித்தாளருக்கும் முன்கூட்டி அறிவித்தல் வேண்டும் என்றது. காணி ஒருவனுடைய சொத்தாயினும், அதன் மாற்றத்திலே சுற்றியிருப்போருக்கும் சொல் உண்டு என்பதே அதன் கருத்து. உறுதியிலே காணிக்கு நாலு எல்லை எழுதுகிறோம். அடியிலுள்ள நீருக்கு அந்த எல்லை தெரியாது. ஒருவன் வளவில் இறங்கும் மழை மற்றொருவன் துலாவில் ஏறுகின்றது.

மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிவெய்தியது. 2025 மே மாதத் தேர்தலின் பின் பிரதேச சபைகள் மக்கள் தெரிந்தவர்களின் கைக்கு மீண்டன. வீதி விளக்கும் கல் வீதியும் கேட்டே இதுவரை அவர்கள் வாசலுக்குச் சென்றோம். இனிக் காணிப்படத்தையும் கேட்போம். அடுத்த மாரி தொடங்குமுன்னே, தத்தம் ஊரின் குளத்தையும் வாய்க்காலையும் நடந்து பார்த்து, அடைபட்ட மதகுகளை எழுதிக்கொண்டு வாருங்கள். படத்தின் முதற்கோடு அந்த எழுத்திலிருந்தே தொடங்கும்.