பழைய ஊரும் பழைய புத்தகமும்

(ஆசிரியர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



கோடை விடுமுறையில் வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் ஆசிரியர்கள் நம் மாவட்டத்தில் பலர் உண்டு. அவர்கள் பெருநகரங்களோடு திரும்பிவிடாமல், ஒரு பழைய சிற்றூரையும் அங்குள்ள பழைய புத்தகக் கடைகளையும் பார்த்துவர வேண்டும் என்பது என் விருப்பம்.

வேல்சும் இங்கிலாந்தும் சந்திக்கும் எல்லையில் ஹே-ஆன்-வை என்றோர் ஊர் இருக்கிறது. மக்கள்தொகை இரண்டாயிரத்துக்கும் குறைவு. நடுவில் நார்மன் காலத்துக் கோட்டை. 1960களின் தொடக்கத்தில் ரிச்சர்டு பூத் என்பவர் அங்கே பழைய புத்தகக் கடை திறந்தார். மூடப்பட்ட நூலகங்களின் நூல்களை மொத்தமாக வாங்கிக் குவித்தார். மற்றவர்களும் கடை திறந்தார்கள். 1977 ஏப்ரல் 1 அன்று, விளையாட்டாகத் தம்மை அவ்வூரின் அரசராக அறிவித்துக்கொண்டார். ஊரின் பெயர் எங்கும் பரவியது. கோட்டை வளாகத்தில் ஆளில்லாத புத்தக அலமாரிகள் உண்டு. எடுப்பவர் விலையைப் பெட்டியில் போட்டுவிட்டுச் செல்லலாம். பிறர் வேண்டாமென்று கழித்த நூல்கள் ஓர் ஊருக்கு வாழ்வு தந்தன.

நம்முடையதும் எல்லை மாவட்டம்தான். 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்ப் பகுதியினர். பத்மநாபபுரம் அரண்மனை நம் மண்ணில் நிற்கிறது; அதைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. அருகில் உதயகிரிக் கோட்டை. 1741இல் குளச்சல் போரில் தோற்று, பின்னர் மார்த்தாண்ட வர்மாவின் படையைப் பயிற்றுவித்த டச்சுத் தளபதி டி லனாயின் கல்லறை அங்கே இருக்கிறது. கல்லில் லத்தீனும் தமிழும் பொறிக்கப்பட்டுள்ளன.

அந்தக் கல்லைப் பாதுகாக்க அரசு இருக்கிறது. அதே திருவிதாங்கூர்க் காலத்துப் பாடநூல்களையும் பள்ளி மலர்களையும் யார் பாதுகாப்பது? ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் மறைந்தால், அவர் சேர்த்த நூல்கள் சில மாதங்களில் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போய்விடுகின்றன. அவற்றுள் பலவற்றுக்கு வேறு படி கிடைப்பது அரிது.

ஆகவே வகுப்பில் ஒன்று செய்து பார்க்கலாம். வீட்டிலுள்ள மிகப் பழைய புத்தகத்தைக் கொண்டுவரும்படி எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் சொல்லுங்கள். முதல் பக்கத்தை மட்டும் படிக்கச் செய்யுங்கள். எங்கே அச்சிட்டது? யாருடைய கையெழுத்து? ஆண்டு கொல்லம் ஆண்டாக இருந்தால், 825 கூட்டினால் ஏறத்தாழ ஆங்கில ஆண்டு வரும். விலை சக்கரத்தில் இருந்தால், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய் என்று சொல்லிக் கொடுங்கள். கணக்குப் பாடமும் ஆகிவிடும். புத்தகமே இல்லாத வீட்டுப் பிள்ளை பழைய பத்திரம், ரேஷன் அட்டை, தாத்தாவின் மதிப்பெண் பட்டியல் எதையும் கொண்டுவரலாம். யாரும் வெறுங்கையோடு நிற்கும்படி ஆகக் கூடாது. பார்த்து முடித்ததும் பத்திரமாக வீட்டுக்கே திருப்பி அனுப்புங்கள்.

அதன் பிறகு உதயகிரிக்கு அழைத்துச் செல்லுங்கள். ஏட்டில் ஆண்டையும் பெயரையும் தேடிப் பழகிய பிள்ளை, கல்லிலும் தானாகவே தேடும்.

பள்ளி நூலகத்தில் ஒரே ஒரு தட்டை இதற்கென ஒதுக்குங்கள். ஊரில் யாராவது நூல்களை எடைக்குப் போடப்போவதாகக் கேள்விப்பட்டால், முதலில் பள்ளிக்கு ஒரு வார்த்தை சொல்லும்படி பெற்றோர் கூட்டத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்கலாம்.