அரசு வலைத்தளப் படங்களும் தேடுபொறிகளும்

(அரசு அலுவலர்களும் கல்லூரி மாணவர்களும் கலந்துகொண்ட பயிற்சி வகுப்பு ஒன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



நலத்திட்டம் ஒன்றைத் தீட்டுவதும் அதற்கு நிதி ஒதுக்குவதும் எவ்வளவு இன்றியமையாதனவோ, அத்திட்டம் பற்றிய செய்தி உரியவர்களைச் சென்றடைவதும் அவ்வளவு இன்றியமையாதது. எவரும் கேளாமலே தகவல்களை வெளியிட வேண்டுமென 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு பொது அமைப்புகளைப் பணிக்கின்றது. இணையத்தையும் அதற்குரிய வழிகளுள் ஒன்றாகக் குறிப்பிடுகின்றது. ஆனால், வெளியிட்ட தகவலைக் குடிமக்கள் தேடிக் கண்டடைய இயலவில்லையெனில், சட்டத்தின் நோக்கம் நிறைவேறியதாகக் கொள்ள முடியாது.

இன்று பல அலுவலகங்களில் நடைபெறுவது யாது? ஓர் அறிவிப்பு கணிப்பொறியில் தட்டச்சு செய்யப்படுகிறது. அச்சிடப்பட்டுக் கையொப்பமும் முத்திரையும் பெறுகிறது. பின்னர் ஸ்கேன் செய்யப்பட்டு, படமாக வலைத்தளத்தில் ஏற்றப்படுகிறது. நம் கண்ணுக்கு அது எழுத்து. கணிப்பொறிக்கு அது வெறும் புள்ளிகளின் தொகுதி.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016-இல் தொடங்கப்பெற்றது. காரிஃப் பருவத்து உணவுப் பயிர்களுக்கும் எண்ணெய் வித்துப் பயிர்களுக்கும் காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதத்துக்கு மேல் விவசாயி செலுத்த வேண்டியதில்லை. ஆயின், குறித்த நாளுக்குள் பதிவு செய்தாக வேண்டும். அந்த நாள் ஒரு படத்தினுள் மட்டுமே அடங்கியிருக்குமாயின், கைபேசியில் தேடும் விவசாயிக்கு அது கிடைக்காமற் போகலாம். பதிவு செய்யாத நிலையில் வெள்ளமோ வறட்சியோ வந்தால், இழப்பு முழுவதும் அவரையே சாரும்.

தேடுபொறி படத்தை அறியும் முறை

ஒரு படம் எதைப் பற்றியது என்பதைத் தேடுபொறி பெரும்பாலும் அதனைச் சார்ந்த சொற்களைக் கொண்டே முடிவு செய்கிறது. கோப்பின் பெயர், படத்துக்கான மாற்று உரை, கீழுள்ள விளக்கம், சூழ்ந்துள்ள பத்தி, பக்கத்தின் தலைப்பு ஆகியவையே அச்சொற்கள். படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் ஆற்றலை இயந்திரங்கள் இன்று ஓரளவு பெற்றுள்ளன என்பது உண்மையே. எனினும் மங்கிய அச்சும், எழுத்தின் மேல் விழுந்த முத்திரையும் அவற்றைத் தடுமாறச் செய்யும். முக்கியமான வாசகங்களைப் படத்தினுள் பொதிந்து வைக்க வேண்டாம் என்று கூகுள் நிறுவனமே அறிவுறுத்துகிறது.

செய்ய வேண்டுவன

முதலாவதாக, அறிவிப்பின் வாசகத்தை யூனிகோடு எழுத்தில் பக்கத்திலேயே தருதல் வேண்டும். கையொப்பமிட்ட படியின் படத்தை அதனுடன் இணைக்கலாம். ஆனால் படம் வாசகத்துக்கு மாற்றாகாது. 1991-இல் வெளியான முதற் பதிப்பு முதலே யூனிகோடில் தமிழ் இடம்பெற்றுள்ளது. பழைய எழுத்துருக்களில் அமைந்த கோப்புகள் திரையில் தமிழாகத் தோன்றினாலும், உள்ளே வேறு குறியீடுகளாகவே சேமிக்கப்படுவதால், தமிழில் தேடுவோருக்கு அவை அகப்படுவதில்லை.

இரண்டாவதாக, கோப்புக்குப் பொருளுள்ள பெயரிட வேண்டும். ‘ஸ்கேன் 0047’ என்ற பெயர் எதையும் உணர்த்தாது. ‘பயிர்-காப்பீடு-கடைசி-தேதி’ என்று சொற்களுக்கிடையே சிறுகோடிட்டு எழுதினால் பொருள் விளங்கும்.

மூன்றாவது, மாற்று உரை. படத்தைக் காண இயலாத நிலையில் அதற்கு ஈடாக நிற்கும் வாக்கியம் இது. ‘படம்’ என்றோ ‘அறிவிப்பு’ என்றோ எழுதுவதால் பயனில்லை. ‘காரிஃப் பருவ நெற்பயிர்க் காப்பீட்டுக்குப் பதிவு செய்யும் கடைசி தேதி பற்றிய அறிவிப்பு’ என எழுதி, அந்த நாளையும் சேர்த்தல் நலம். புள்ளிவிவர வரைபடமாயின், சுருக்கத்தை மாற்று உரையிலும் முழு எண்களைக் கீழே அட்டவணையாகவும் தரலாம். வெறும் அலங்காரப் படத்துக்கு மாற்று உரையை வெற்றாக விடுவதே முறை. தேடுபொறியைக் கவரும் எண்ணத்தில் தொடர்பற்ற சொற்களை அடுக்குவது மோசடியாகக் கருதப்பட்டு, பக்கத்தைப் பின்னுக்குத் தள்ளிவிடக்கூடும்.

நான்காவதாக, மக்கள் வழங்கும் சொல்லை அறிதல் வேண்டும். நாம் ‘பதிவிற்கான இறுதி நாள்’ என்று எழுதுகிறோம். விவசாயியோ ‘கடைசி தேதி’ என்று தேடுகிறார். ‘காப்பீடு’ என்பது தொடரில் ‘காப்பீட்டு’ எனத் திரிவதையும் நினைவிற் கொள்ள வேண்டும். ஆதலின் அலுவலகச் சொல்லோடு வழக்குச் சொல்லையும் ஒருமுறையேனும் விளக்கத்தில் இடம்பெறச் செய்யலாம்.

ஐந்தாவது, படத்தின் எடை. 3 மெகாபைட் படம், நொடிக்கு 1 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் வந்துசேர 24 நொடிகள் ஆகும். அதனையே 150 கிலோபைட்டாகச் சுருக்கினால் ஒன்றேகால் நொடிக்குள் வந்துவிடும். 4,000-க்கு 3,000 புள்ளிகள் கொண்ட நிழற்படத்தை 800-க்கு 600 ஆக்கினால் புள்ளிகள் 25-இல் ஒரு பங்காகக் குறைகின்றன. கைபேசித் திரைக்கு அதுவே பெரும்பாலும் போதுமானது. பக்கம் விரைந்து தோன்றுவதைத் தேடுபொறிகளும் கணக்கிற் கொள்கின்றன.

ஒரே முயற்சி, இரு பயன்கள்

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, பார்வைக் குறைபாடு உடையோர் நம் நாட்டில் ஏறத்தாழ 50 லட்சம் பேர். திரையிலுள்ளதை ஒலியாக்கும் மென்பொருளின் துணைகொண்டு இணையத்தைப் பயன்படுத்துவோர் அவர்களிடையே உள்ளனர். அம்மென்பொருள் படத்தைச் சந்திக்கும்போது படிப்பது மாற்று உரையையே. மின்னணு ஊடகத்தின் உள்ளடக்கம் மாற்றுத்திறனாளிகள் அணுகத்தக்கதாக அமைய வேண்டுமென 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வலியுறுத்துகிறது. 2009-இல் வெளியாகி, 2023-இல் மூன்றாம் பதிப்புக் கண்டுள்ள இந்திய அரசு வலைத்தளங்களுக்கான வழிகாட்டு நெறிகளும் மாற்று உரையைக் கோருகின்றன. ஆகவே, தேடுபொறிக்காகச் செய்யும் பணி பார்வையற்ற குடிமகனுக்கும் உரிமையை ஈட்டித் தருகிறது.

இவற்றுக்குப் பெருநிதியோ புதிய பணியிடமோ தேவையில்லை. அறிவிப்பைத் தட்டச்சு செய்த கோப்பு அலுவலகத்திலேயே இருக்கிறது. மாற்று உரை எழுத இரண்டு நிமிடங்கள் போதும். இங்குள்ள மாணவர்கள் தத்தம் மாவட்ட வலைத்தளத்தில் பத்துப் படங்களை எடுத்து, இம்முறைப்படி ஆராய்ந்து, குறைகளை உரிய அலுவலருக்கு எழுதலாம். அலுவலர்கள், இனி ஏற்றும் அறிவிப்பைக் கைபேசியில் தாமே தேடிப் பார்த்தல் வேண்டும். அது கிடைத்தால்தான் அறிவித்ததாகப் பொருள்.