சத்தத்தோடு சத்தத்தைக் கூட்டினால்

உக்குவளை மின்நிலையத்தை மாத்தளைக்காரர்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பொல்கொல்லையில் திருப்பிவிடப்படும் மகாவலித் தண்ணீர், ஏறத்தாழ 8 கிலோமீற்றர் சுரங்கத்துக்குள்ளால் வந்து, 1976 முதல் அங்கே டேர்பைனைச் சுழற்றிவிட்டுச் சுது கங்கையில் சேர்கிறது. ஒலிப்பதிவு என் தொழில். மின்சாரம் சம்பந்தப்பட்ட எந்த இடத்துக்குப் போனாலும் என் காது முதலில் தேடுவது டிரான்ஸ்போமரின் முனகலைத்தான். நம் நாட்டு மின்சாரம் செக்கனுக்கு 50 சுற்று. டிரான்ஸ்போமரின் இரும்போ அதற்கு இரட்டிப்பாக, 100 தடவை அதிர்கிறது.

இரைச்சல் நீக்கும் ஹெட்போனுக்கு இந்த முனகல் நல்ல இரை. எப்படி என்று கேட்கிறீர்களா? நான் சொல்லி அலுக்காத விஷயம் அதுதான். அந்தக் கருவி இன்னொரு சத்தத்தைக் கூட்டியே அமைதியை உண்டாக்குகிறது!

ஒலி என்றால் காற்று நெருங்குவதும் விலகுவதும். வெளிச்சத்தம் காற்றை நெருக்கும் அதே கணத்தில், காதருகே ஒரு குட்டி ஸ்பீக்கர் அதே அளவுக்கு விலக்கினால் இரண்டும் சரிக்குச் சரியாகிவிடும். வெளியே ஒரு மைக் இரைச்சலைக் கேட்கும். சிப் எதிர் அலையைக் கணக்கிடும். உள்ளே இன்னொரு மைக் மிச்சத்தைக் கேட்டுக் கணக்கைத் திருத்தும். பவுல் லூயெக் என்ற ஜெர்மானியர் 1936இலேயே இந்த யோசனைக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அதை ஹெட்போனுக்குள் கொண்டுவர 1978இல் விமானப் பயணமொன்றில் கணக்குப் போட்டவர் அமர் போஸ். வங்காளத்து விடுதலைப் போராளி ஒருவரின் மகன்.

எல்லாம் நேரத்தில்தான் இருக்கிறது, நேயர்களே. எதிர் அலை ஒரு செக்கனில் எண்ணாயிரத்தில் ஒரு பங்கு பிந்துகிறது என்று வையுங்கள். 100 சுற்று முனகலுக்கு அது பொருட்டே இல்லை. 4,000 சுற்றுள்ள கீச்சொலிக்கோ அது அரைச் சுற்று. அடக்க வந்த அலை சத்தத்தோடு கூட்டுச் சேர்ந்து அதை இரட்டிப்பாக்கிவிடும். அதனால் மேல்சுருதிகளைக் கருவி தொடுவதில்லை. காதை மூடும் பஞ்சுதான் அவற்றைத் தடுக்கிறது.

உக்குவளை ரயில் ஸ்டேஷனில் நான் இந்த ஹெட்போனை மாட்டிப் பார்த்திருக்கிறேன். நின்றுகொண்டிருந்த டீசல் கோச்சியின் உறுமல் காணாமலே போயிற்று. வடை விற்பவரின் குரல் தெளிவாக வந்தது. ஹோர்ன் காதைத் துளைத்தது. ஒரே சீரான உறுமலின் அடுத்த அலையைக் கருவி ஊகித்துக்கொள்ளும். பேச்சையும் திடீர் ஓசையையும் அப்படி ஊகிக்க முடியாது.

“வீடு முழுவதையும் இப்படி அமைதியாக்கலாமா?” என்று பலர் கேட்கிறார்கள். 100 சுற்று ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ மூன்றரை மீற்றர். நன்றாக அடங்கும் இடம் அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு முழம்கூட வராது. தலையை நகர்த்தினால் சத்தம் திரும்பிவிடும்.

நேரம் நெருங்கிவிட்டது. தாழ்ந்த, சீரான, காதோரத்து இரைச்சலுக்கு இது அருமையான கருவி. சுத்தியல் அடிக்கும் பட்டறைக்கு முறையான காதுக்கவசமே வேண்டும். தண்டவாளத்தோரம் நடக்கும் பிள்ளைகள் தயவுசெய்து இந்த ஹெட்போனைக் கழற்றிவிட்டு நடக்கட்டும். இரைச்சல் பிறக்கும் இடத்திலேயே அதைக் குறைக்கும் இயந்திரங்களை நம் இளம் பொறியியலாளர்கள் செய்வார்கள் என்ற நம்பிக்கையோடு விடைபெறுகிறேன்.