நேரக் கணக்கரும் மூன்று அட்டைகளும்

(அறக்கட்டளையின் குடும்பச் சந்திப்பில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





ஒவ்வொரு ஆண்டும் கல்வி உதவித்தொகைக்கு நாங்கள் மனு வாங்குவது உங்களுக்குத் தெரியும். மனுக்கள் நன்றாகவே எழுதப்பட்டு வருகின்றன. மதிப்பெண்களும் குறைவில்லை. ஆனால் பிள்ளையை எதிரே உட்கார வைத்து, "ஏன் இந்தப் படிப்பை எடுத்தீங்க தம்பி?" என்று கேட்டால், பதில் அம்மாவிடமிருந்து வருகிறது. பிள்ளை தரையைப் பார்க்கிறது. பெண் பிள்ளை என்றால் அத்தா முந்திக்கொள்கிறார். உதவித்தொகை கொடுக்கிற நமக்கு இதில் நஷ்டம் ஒன்றுமில்லை, பிள்ளையின் முகத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிடுவோம். மூன்று வருடம் கழித்து வேலைக்கான நேர்முகத் தேர்வில் இதே பிள்ளை தனியாக உட்காரும்போது பக்கத்தில் அம்மா இருக்க மாட்டார். அங்கேதான் நம் பிள்ளைகள் உதிர்கிறார்கள். படிப்பில் தேறிய பிள்ளை பேச்சில் நின்றுபோவதை வருடா வருடம் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது என்றுதான் இன்று இந்த விஷயத்தை எடுத்திருக்கிறோம்.

பேச்சு மன்றங்களைப் பற்றிப் பேசப்போகிறோம். உலகத்தில் இதற்கென்றே இயங்கும் பெரிய அமைப்பு டோஸ்ட்மாஸ்டர்ஸ். பெயரைச் சொன்னதும் இரண்டு மூன்று பெரியவர்கள் புருவம் உயர்த்தினீர்கள். மேல்நாட்டு விருந்துகளில் கோப்பையை உயர்த்தி வாழ்த்துச் சொல்லும் வழக்கத்துக்கு 'டோஸ்ட்' என்று பேர். அப்படி விருந்தில் பேசுகிறவர்களை ஒவ்வொருவராக அழைத்து நடத்துகிறவர் டோஸ்ட்மாஸ்டர். பெயர் மட்டும்தான் அங்கேயிருந்து வந்தது. இங்கே நடக்கும் கூட்டங்களில் தேநீரும் பிஸ்கட்டும்தான்.

இதைத் தொடங்கியவர் ரால்ப் ஸ்மெட்லி என்பவர். அமெரிக்காவில் ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தில் கல்விப் பிரிவைக் கவனித்தவர். அங்கே வந்துபோன வாலிபர்களுக்குக் கூட்டத்தில் எழுந்து பேசவும், ஒரு கூட்டத்தை ஒழுங்காக நடத்தவும் தெரியவில்லை என்பதைக் கவனித்து, 1905இல் இல்லினாய் மாநிலத்தின் புளூமிங்டனில் ஒரு சிறு குழுவைத் தொடங்கினார். அவர் ஊர் மாறியதும் அது நிலைக்கவில்லை. பிறகு 1924 அக்டோபர் 22 அன்று கலிபோர்னியாவின் சாண்டா ஆனா நகரில், ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தின் கீழ்த்தளத்தில் மறுபடி தொடங்கினார். அதுதான் வேர்பிடித்தது. 2024இல் நூறு ஆண்டு நிறைந்தபோது உலகம் முழுவதும் மன்றங்கள் விழா எடுத்தன. சாண்டா ஆனாவுக்கு அருகிலுள்ள அனஹைம் நகரில் அந்த ஆண்டு மாநாடு நடந்தது. கிறிஸ்தவ சங்கத்தின் கட்டடத்தில் தொடங்கினாலும் மன்றத்துக்கு மதம் இல்லை. எங்கள் தலைமுறைக்கு இன்னொரு சேதி வியப்பாக இருக்கும். 1973 வரை பெண்களை உறுப்பினராகச் சேர்க்கவில்லை. அமெரிக்காவில்! ஆகவே நம் பெண்களை மேடைக்கு அனுப்பத் தயங்குகிறோமே என்று நம்மை மட்டும் பின்தங்கியவர்களாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அதற்காகத் தயங்கிக்கொண்டே இருக்கவும் வேண்டாம்.

ஒரு கூட்டம் எப்படி நடக்கிறது என்று சொன்னால்தான் இதன் அருமை புரியும். தயாரித்து வந்த பேச்சுக்கு ஐந்திலிருந்து ஏழு நிமிடம். நேரம் பார்க்க ஒருவர் இருப்பார். ஐந்தாம் நிமிடத்தில் பச்சை, ஆறில் மஞ்சள், ஏழில் சிவப்பு. அதற்குமேல் அரை நிமிடம் சலுகை, அவ்வளவுதான். அந்த இடத்தில் கலெக்டரே பேசினாலும் சிவப்பு சிவப்புதான். இன்னொருவர் பேசுகிறவர் எத்தனை தடவை "அ...", "ம்ம்..." என்று இழுக்கிறார் என்று எண்ணிக்கொண்டிருப்பார். நம் ஆட்களுக்கு "வந்து", "அதாவது", "ஆக்சுவலி" எல்லாவற்றையும் எண்ண வேண்டியிருக்கும். பிறகு திடீர்த் தலைப்பு: பெயரைக் கூப்பிட்டு ஒரு கேள்வியைக் கொடுப்பார்கள், யோசிக்க நேரமில்லை, ஒன்றிலிருந்து இரண்டு நிமிடம் பேச வேண்டும். நேர்முகத் தேர்வு என்பது வேறென்ன?

கடைசியில் வருவதுதான் முக்கியமானது. பேசிய ஒவ்வொருவரைப் பற்றியும் இன்னொரு உறுப்பினர் எழுந்து, எது நன்றாக இருந்தது, எதைத் திருத்தலாம் என்று இரண்டு மூன்று நிமிடத்தில் எல்லோர் முன்னிலையிலும் சொல்வார். சொல்பவரும் கற்றுக்கொள்கிறவர்தான். பத்தொன்பது வயதுப் பையன், ஐம்பது வயது மேலாளரின் பேச்சைத் திருத்துவான். அவர் கோபிக்காமல் குறித்துக்கொள்வார். நம் சமுதாயத்தில் இந்த ஒன்று வந்துவிட்டால் பாதிச் சண்டை குறையும் என்று நாங்கள் நினைக்கிறோம்.

மதரஸாவில் ஓதியவர்களுக்கு இது முழுக்கப் புதிதல்ல. நாங்கள் ஓதிய காலத்தில் வியாழன் இரவு என்றால் பயான் பழகும் இரவு. முறை வைத்து ஒவ்வொருவராக எழுந்து பேச வேண்டும். கால் நடுங்கும், மனப்பாடம் செய்தது பாதியில் மறந்துபோகும், உஸ்தாத் முதல் வரியை எடுத்துக் கொடுப்பார். இன்று மிம்பரில் கணீரென்று பேசும் பல ஆலிம்கள் அந்த வியாழன் இரவுகளில் வியர்த்தவர்கள்தான். மூஸா (அலை) அவர்களே தம் நாவின் முடிச்சை அவிழ்க்கும்படி இறைவனிடம் கேட்டார்கள், தம்மைவிட நன்றாகப் பேசக்கூடிய சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணைக்குக் கேட்டார்கள் என்பதை மக்தப் பிள்ளைகளும் அறிவார்கள். பேச வராதது குறையல்ல, ஆனால் அதற்குத் துணை தேட வேண்டும். நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜும்ஆ உரையைச் சுருக்கமாக அமைப்பது நபிகளார் (ஸல்) காட்டிய வழி. பச்சை மஞ்சள் சிவப்பு அட்டையைப் பார்த்து யாரும் முகம் சுளிக்க நியாயமில்லை.

திக்குவாய் உள்ள பிள்ளையை வைத்திருக்கும் பெற்றோர் இந்த அவையில் இருக்கிறீர்கள். உங்களுக்காகவே ஒரு தகவல். டோஸ்ட்மாஸ்டர்ஸ் ஆண்டுதோறும் உலகப் பேச்சுப் போட்டி நடத்துகிறது. மன்றத்தில் தொடங்கி, படிப்படியாக மேலே போய், இறுதிச் சுற்று ஒரே மேடையில். 2015இல் லாஸ் வேகாஸில் அதை வென்றவர் சவூதி அரேபியாவைச் சேர்ந்த முஹம்மது கஹ்தானி என்ற பொறியாளர். சிறு வயதில் திக்கித் திக்கிப் பேசியவர். மேடைக்கு வந்ததும் ஒரு சிகரெட்டை எடுத்துப் பற்றவைக்கப் போவதுபோல் நின்றார். புகைப்பதற்கு ஆதரவாகப் புள்ளிவிவரங்களை அடுக்கினார். அவை நம்பத் தொடங்கியதும், அத்தனையும் தாம் இட்டுக்கட்டியவை என்றார். சொல்லின் சக்திதான் அவருடைய தலைப்பு. வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே அடுத்தவருக்குத் தள்ளிவிடும் நமக்கும் அதில் பாடம் இருக்கிறது, அதை இன்னொரு நாள் பேசுவோம்.

இந்த மன்றங்கள் விழாக்களையும் நன்றாகவே கொண்டாடுகின்றன. மன்றம் தொடங்கிய நாள், நூறாவது கூட்டம், யாராவது ஒரு படியை முடித்தது, எல்லாம் விழாதான். பொங்கலோ ரமலானோ வந்தால் அதையே அன்றைய தலைப்பாக வைத்து, தெரியாதவருக்குத் தெரிந்தவர் சொல்வார். நோன்பு என்றால் பசி மட்டும்தானா என்று பக்கத்து இருக்கைக்காரர் கேட்கும்போது பதில் சொல்ல நம் பிள்ளை ஒன்று அங்கே இருந்தால், அதன் பயன் நூறு துண்டுப் பிரசுரத்துக்குச் சமம். வெளியில் போய்ச் செய்யும் காரியமும் உண்டு. பதினெட்டு வயது நிறையாதவர்களை உறுப்பினராகச் சேர்க்க மாட்டார்கள். ஆனால் அந்த வயதுப் பிள்ளைகளுக்கென்றே எட்டு அமர்வு கொண்ட பயிற்சித் திட்டம் வைத்திருக்கிறார்கள், கேவல் கிளப் என்று தனியாகவும் ஒன்று நடத்துகிறார்கள். பள்ளியில் இடம் கொடுத்தால் உறுப்பினர்கள் வந்து சொல்லிக்கொடுப்பார்கள்.

கொண்டாட்டத்தில் ஒரு எச்சரிக்கையும் வேண்டும். நம் ஊர் விழாக்களை எண்ணிப் பாருங்கள். பொன்னாடை பன்னிரண்டு பேருக்கு, கேடயம் எட்டுப் பேருக்கு, வாழ்த்துரை ஆறு. பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கிய பிள்ளை தன் பேச்சைப் பேச வரும்போது மணி ஒன்பதரை, பந்தலில் சமையல்காரர் மட்டும் இருக்கிறார். அந்த வியாதி எந்த மன்றத்தையும் பிடிக்கும். படம் எடுக்கும் நேரம் பேசும் நேரத்தைத் தின்றுவிட்டால் மன்றம் முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

பேச்சுக்கும் நம் வடசென்னைக்கும் உள்ள உறவு பழையது. 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களுக்காக மதராஸ் தொழிலாளர் சங்கம் தொடங்கியபோது, அதன் தலைவர் பி.பி. வாடியா ஆங்கிலத்தில் பேசினார், அது தமிழில் மொழிபெயர்க்கப்பட்டது. துணைத் தலைவரான திரு.வி.க. தமிழிலேயே பேசினார். தொழிலாளியின் வேதனை தொழிலாளியின் மொழியிலேயே மேடை ஏறியது. 1949 செப்டம்பரில் அண்ணா புதுக் கட்சியின் முதல் பொதுக்கூட்டத்தை நடத்தியது இதோ நம் ராயபுரம் ராபின்சன் பூங்காவில், கொட்டும் மழையில். அதே மாதம் டெல்லியில் அரசியல் நிர்ணய சபையில் மொழி விவாதம் நடந்தபோது, பழமைதான் அளவுகோல் என்றால் தமிழுக்குத் தகுதி உண்டு என்று வாதாடியவர் கண்ணியமிகு காயிதே மில்லத். இத்தனைக்கும் இடம் கொடுத்த மண்ணில், ரேஷன் கடையில் தன் பெயரை ஏன் நீக்கினார்கள் என்று கேட்கத் தெரியாமல் ஒரு தாய் திரும்பி வருகிறார்.

ரேஷன் கடையோடு நின்றால் பரவாயில்லை. 2023 டிசம்பரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். புயல் வெள்ளத்தோடு கொசஸ்தலை ஆற்றில் எண்ணெய் பரவியது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவு பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து, மூச்சுத் திணறி மக்கள் தெருவுக்கு ஓடி வந்தார்கள். தொலைக்காட்சி மைக் நம் வாசலுக்கே வந்தது. அப்போது எத்தனை மணிக்கு, எந்தத் தெருவில், யாருக்கு என்ன ஆனது என்று வரிசையாகச் சொல்லத் தெரிந்தவர்களின் பேச்சுதான் நின்றது.

பெரிய ஆலையோ துறைமுக விரிவாக்கமோ வரும்போது மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்துகிறார்களே, அதன் விதியைத் தெரிந்துகொள்ளுங்கள். 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி குறைந்தது முப்பது நாள் முன்னதாக அறிவிக்க வேண்டும். கலெக்டர் அல்லது அவர் சார்பில் வரும் அதிகாரி முன்னிலையில் நடக்கும். முழுவதும் வீடியோ எடுக்கப்படும். வந்திருக்கும் யாரும் எழுந்து பேசலாம். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் என்ற கணக்கு கிடையாது. அதாவது, நாம் போகாவிட்டாலும் கூட்டம் நடந்ததாகிவிடும். முடிவில் நடந்ததன் சுருக்கத்தை உள்ளூர் மொழியில் விளக்கிச் சொல்ல வேண்டும். அந்த மைக்கில் நமக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். எண்ணூர் ஆற்றை நாற்பது வருடம் பார்த்தவர் பின்வரிசையில் கைகட்டி நிற்பார். ஆற்றையே பார்க்காத ஒருவர் பேசிவிட்டுப் போவார். பதிவில் இருப்பது பேசியவருடைய வார்த்தைதான்.

நடைமுறைக்கு வருவோம். டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்கள் சென்னையில் உண்டு, தமிழிலும் நடக்கின்றன. சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும்கூடத் தமிழ் மன்றங்கள் இருக்கின்றன. அங்கே வேலை பார்க்கும் உங்கள் பிள்ளைகளிடம் விசாரிக்கச் சொல்லுங்கள். 2021இல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தபின், எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் காத்திருக்காமல் நகரத்துக்குள் போய்வர வழி இருக்கிறது. வேலையில் இருப்பவர்கள், கட்டணம் கட்ட முடிந்தவர்கள் தாராளமாகச் சேருங்கள். கூட்டத்துக்கு விருந்தினராகப் போய்ப் பார்க்கக் காசு கேட்பதில்லை. ஆனால் தலைமையகத்துக்கான சந்தா டாலரில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை. மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் தூக்குபவரின் பிள்ளைக்கு அது ஒத்துவராது.

அதனால் அவர்களுடைய முறையை வைத்துக்கொண்டு, அவர்களுடைய பெயரைப் போட்டுக்கொள்ளாமல், நம் மதரஸா மாடியில் ஞாயிறுதோறும் அஸருக்குப் பிறகு ஒரு பேச்சு வட்டம் தொடங்குகிறோம், இன்ஷா அல்லாஹ். மஃரிப் பாங்குக்கு முன் முடிந்துவிடும். சகோதரிகளுக்குச் சனிக்கிழமை காலை, அவர்களே நடத்துவார்கள், ஆண்கள் யாரும் மேற்பார்வைக்கு வர வேண்டியதில்லை. கட்டணம் கிடையாது. தமிழிலும் பேசலாம், ஆங்கிலத்திலும் பேசலாம். பக்கத்துத் தெரு மீனவ வீட்டுப் பிள்ளைகள் வந்தாலும் நாற்காலி உண்டு. பொன்னாடை, கேடயம் எதுவும் இல்லை. முதல் பேச்சுப் பேசி முடித்தவருக்கு எல்லோரும் எழுந்து நின்று துஆச் செய்வது, ஒரு கோப்பை சுலைமானி, இதுதான் கொண்டாட்டம்.

முதல் வாரத் தலைப்பு, "எங்கள் அத்தாவின் வேலை". கிரேன் ஓட்டுபவர், வலை பின்னுபவர், மெக்கானிக் ஷெட் வைத்திருப்பவர் எல்லோருடைய பிள்ளைகளும் ஐந்து நிமிடம் பேசும் அளவுக்கு வீட்டில் கேட்டுக்கொண்டு வரட்டும். அத்தாமார்களே, பிள்ளை கேட்டால் "போய்ப் படி" என்று விரட்டாமல் உட்கார்ந்து சொல்லுங்கள். உதவித்தொகைக்கு மனுப் போட்டவர்கள் மூன்று வாரமாவது வர வேண்டும் என்று நிர்வாகக் குழு முடிவு செய்திருக்கிறது.

பெயர் கொடுக்க வாசலில் நோட்டு வைத்திருக்கிறோம். மூன்று வண்ண அட்டைகளும் தயார். நேரம் பார்க்கும் பொறுப்பை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருவர் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார். இன்று எங்களுக்கும் சிவப்பு அட்டையைக் காட்டி நெடுநேரம் ஆகிறது, கையை இறக்காமல் நிற்கிறார்.