கோடையில் ஆசிரியர்க்கான வாசிப்பு

பாலக்காட்டின் சித்தூரிலும் இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு பகுதிகளிலும் தமிழ்வழிப் பள்ளிகள் உண்டு. ஏப்ரல், மே விடுமுறையில் அப்பள்ளிகளின் ஆசிரியர்கள் மனம் இளைப்பாறவும் பிள்ளைகளை நெருங்கி அறியவும் உதவும் இரு நூல்கள் தமிழிலேயே கிடைக்கின்றன.

ஒன்று, 1981இல் ஜப்பானில் வெளியான 'டோட்டோ-சான்'. பள்ளியில் சேர வந்த சிறுமி சொல்வதை எல்லாம் தலைமையாசிரியர் கோபயாஷி நான்கு மணி நேரம் பொறுமையாகக் கேட்கிறார். மற்றொன்று, கிஜுபாய் பதேக்காவின் 'பகல் கனவு'. அடங்காத நாலாம் வகுப்பைக் கதை சொல்லியே ஈர்க்கிறார் ஓர் ஆசிரியர்.

புத்தகம் மனிதரை இணைக்கும் என்பதற்கு இடுக்கியிலேயே சான்று உண்டு. முதுவர் மக்கள் வாழும் இடமலக்குடிக் காட்டில், 2010இல் ஆசிரியர் பி.கே. முரளீதரனும் தேநீர்க்கடைக்காரர் பி.வி. சின்னத்தம்பியும் சேர்ந்து கடையிலேயே நூலகம் தொடங்கினர். தேநீர் அருந்த வந்தவர்கள் வாசகர்களானார்கள்.